நீலகிரிப் பேரிக்காயில் சைடர், சைடரிலிருந்து வினிகர்: முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் குன்னூர், கோத்தகிரி பக்கம் பேரிக்காய்க்குப் பஞ்சம் இருக்காது. ஊறுகாய் போட்டு, ஜாம் கிண்டி, அக்கம்பக்கத்தில் கொடுத்து, கீழே இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பஸ்ஸில் அனுப்பியும் ஒரு மூட்டை மிஞ்சும். அந்த மூட்டையை என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. சாற்றை முதலில் நொதிக்க வைத்து சைடராக்குவோம், அந்த சைடரைப் புளிக்க விட்டு வினிகராக்குவோம், கடைசியில் மலையில் விளையும் பூண்டு, மிளகு, ரோஸ்மேரி, தவிட்டுப்பழம் என்று கையில் கிடைப்பதைப் போட்டு மணமேற்றுவோம். ஆப்பிள் இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம், முழுக்க ஆப்பிளிலும் செய்யலாம், முறை ஒன்றுதான்.

யூடியூபில் சுற்றும் ஆப்பிள் சைடர் வினிகர் செய்முறைகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். ஆப்பிள் தோல், நடுத்தண்டு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நிறையத் தண்ணீர், மேலே துணி கட்டி ஒரு மாதம் மூலையில் வைக்க வேண்டும். அதில் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் புளித்த தண்ணீராகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் இருக்கும் சர்க்கரை நல்ல வினிகருக்குப் போதவே போதாது. இன்னொரு கோளாறும் அதில் உண்டு. சர்க்கரையை ஆல்கஹாலாக்குவது ஈஸ்ட்டின் வேலை, அதற்குக் காற்று வேண்டாம். ஆல்கஹாலை அமிலமாக்குவது அசிட்டிக் பாக்டீரியாவின் வேலை, அதற்குக் காற்று இல்லாமல் முடியாது. இந்த ரெண்டு வேலையையும் ஒரே பாட்டிலில் ஒரே நேரத்தில் நடத்தினால் பாக்டீரியா முந்திக்கொண்டு அமிலத்தைக் கக்கும், ஈஸ்ட் பாதியிலேயே சோர்ந்துவிடும், சர்க்கரை மிஞ்சும், பூஞ்சை வரும். தனித்தனியாக, ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று செய்தால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. இனி வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகத்துக்குத்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. அதனால் இங்கே சைடர் என்பது வழியில் வரும் ஒரு கட்டம் மட்டும். முதல் நொதிப்பு அடங்கிய கையோடு அதில் வினிகரை ஊற்றிவிடுகிறோம், அப்புறம் யாரும் அதைக் குடிக்க ஆசைப்பட மாட்டார்கள். சைடரை சைடராகவே குடிக்கச் சட்டம் விடும் நாடுகளில் இருப்பவர்களுக்கு, கடைசிப் பக்கமாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

பழம்

மலையில் கிடைக்கும் பேரிக்காயை ரெண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று கல் மாதிரி இருக்கும் நாட்டுப் பேரிக்காய், கடித்தால் மணல் மணலாக நாக்கில் உரசும், கொஞ்சம் துவர்க்கும். இன்னொன்று சாறும் மணமும் அதிகமுள்ள மெத்தென்ற வகை. வினிகருக்கு ரெண்டையும் கலந்து போடுவதுதான் என் கணக்கு, துவர்ப்பு நாட்டுக்காயிலிருந்து வரும், மணம் மற்றதிலிருந்து வரும். நாட்டுக்காயை மரத்திலிருந்து பறித்த அன்றே பிழியாதீர்கள். வைக்கோலிலோ பழைய செய்தித்தாளிலோ பரப்பி ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும் காய், வெளிப்பக்கம் மெத்தென்று ஆவதற்குள் நடுவில் பழுப்பேறிப் போயிருக்கும். அதனால் காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அங்கே லேசாக அமுங்கினால் பிழியும் பதம்.

கீழே விழுந்த பழத்தைச் சேர்க்கலாமா? எஸ்டேட் பக்கம் காட்டெருமையும் மாடும் திரியாத தோட்டம் எங்கே இருக்கிறது? சாணி பட்ட மண்ணில் கிடந்த பழத்தில் ஈ.கோலி மாதிரி கிருமிகள் ஒட்டியிருக்கலாம். 1996-இல் அமெரிக்காவில் சூடுபடுத்தாமல் விற்ற ஆப்பிள் ஜூஸில் இந்தக் கிருமி வந்து பலர் நோயில் விழுந்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. மரத்தில் பறித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்ததைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சாற்றை 75 டிகிரிக்குச் சூடாக்கி, சில நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து, மூடி போட்டு ஆற வையுங்கள்.

அழுகல் விஷயத்தில் கறாராக இருங்கள். அடிபட்டுக் கறுத்த பழத்தில் கறுத்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை எடுக்கலாம். ஆனால் நீலப் பூஞ்சை பிடித்து அழுகிய ஆப்பிளிலும் பேரிக்காயிலும் பாட்டுலின் என்ற நஞ்சு உண்டாகும், அது அழுகிய இடத்தைத் தாண்டியும் பரவியிருக்கும், சூடு காட்டினாலும் முழுசாகப் போகாது. அப்படிப்பட்ட பழம் முழுசாக வெளியே.

சாறு எடுப்பது

கழுவி, நாலாக வெட்டி, நடுத்தண்டையும் விதையையும் நீக்குங்கள். தோல் இருக்கட்டும். விதையை நீக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விதையில் இருக்கும் அமிக்டலின் அரைபட்டால் சயனைடை வெளியே விடும். முழுசாக விழுங்கினால் ஒன்றும் ஆகாத விதையை மிக்ஸியில் போட்டு மூட்டை மூட்டையாக அரைப்பது தேவையில்லாத வேலை.

துண்டுகளை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் விடாமல் அரைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிய வேண்டியதுதான். துணியைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் சொட்ட விட்டு அப்புறம் முறுக்கினால் கை வலி குறையும். கிலோவுக்கு அரை லிட்டர் சாறு வந்தால் நல்ல விளைச்சல். பத்து கிலோ பேரிக்காய்க்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் சொல்லும் அளவெல்லாம் ஐந்து லிட்டருக்குத்தான். சாறு பிழிந்த சில நிமிடத்திலேயே பழுப்பாகிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்குவாஷ் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கேஎம்எஸ் பொடியை (கெடாமல் இருக்கப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) தேடிக் கை போகும். போடாதீர்கள். சைடரோடு நிறுத்துபவர்களுக்கு அது உதவும், நமக்கு வேண்டிய அசிட்டிக் பாக்டீரியாவையோ அது அடக்கிவிடும்.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், நல்ல எவர்சில்வர் இவை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் அமிலத்தோடு சேரக்கூடாது. பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்றும் அகலவாய் ஊறுகாய் ஜாடி ஒன்றும் வேண்டும், முதல் கட்டத்துக்குக் குறுகிய வாய், இரண்டாவதுக்கு அகன்ற வாய். கழுவிய பிறகு கொதிநீர் ஊற்றி அலசுங்கள். குன்னூர் உயரம் சுமார் 1,850 மீட்டர், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் இந்த வேலைக்கு அது போதும். மூடி, ட்யூப் மாதிரி சின்னச் சாமான்களைப் பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரிலேயே போட்டு எடுங்கள்.

சர்க்கரையை அளப்பது

ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், வேறு எந்தச் சாமானுக்கும் செலவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை. சாற்றில் மிதக்க விட்டால், தண்ணீரை 1.000 என்று வைத்து அடர்த்தியைக் காட்டும். பேரிக்காய்ச் சாறு 1.040-இலிருந்து 1.050-க்குள் எங்கேயாவது நிற்கும். மழைக்காலத்தில் பறித்த பழம் இன்னும் கீழே போகும், தண்ணீர் குடித்த பழம் அல்லவா. நமக்கு வேண்டியது 1.050 பக்கம். குறைவாக இருந்தால் லிட்டருக்கு 26 கிராம் சர்க்கரை போட்டால் 0.010 ஏறும், அதாவது 1.040-இல் நிற்கும் ஐந்து லிட்டருக்கு 130 கிராம். கருவி இல்லையென்றால் லிட்டருக்கு 30 கிராம் போட்டுவிட்டு நகருங்கள், பெரிதாகத் தப்பாது. நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறமும் வெல்ல மணமும் ஏறும், பிடித்தால் போடலாம். எனக்கு வெள்ளைச் சர்க்கரைதான், பேரிக்காயின் மணமே மெல்லியது, அதை வெல்லம் அமுக்கிவிடும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நொதிப்புக்கு முன் இருந்த அடர்த்தியிலிருந்து பின் இருக்கும் அடர்த்தியைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும். 1.048-இல் தொடங்கி 1.006-இல் நின்றால் 5.5 சதவீதம். ஒரு சதவீத ஆல்கஹால் ஏட்டுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு சதவீத அமிலமாகும், வீட்டில் அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கிடைத்தாலே கெட்டிக்காரத்தனம். ஆக 5.5-க்கு நாலரை சதவீத வினிகர். கடையில் விற்கும் வினிகரில் குறைந்தது 3.75 சதவீத அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தோலும் தண்ணீரும் போட்டுச் செய்வது இதன் பக்கத்தில்கூட வராது.

அப்புறம் புளிப்பு. பேரிக்காயில் இயல்பாகவே அமிலம் குறைவு, அமிலம் குறைந்த சாற்றில் வேண்டாத கிருமிகள் குடியேறும். ஐந்து லிட்டருக்கு ரெண்டு மூன்று எலுமிச்சம்பழச் சாறு பிழிந்துவிடுங்கள். பிஎச் காகிதம் இருந்தால் 3.8-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முழுக்க மெத்தென்ற வகைப் பழமாக இருந்தால் துவர்ப்பும் குறையும், அதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது: ரெண்டு டீஸ்பூன் தேயிலையை ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறிய டிகாஷனைச் சாற்றில் ஊற்றுங்கள். வெளிநாட்டில் வீட்டு சைடர் செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், என்ன, அவர்கள் தேயிலையைக் கடையில் தேட வேண்டும், நமக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

முதல் கட்டம்: ஈஸ்ட்டின் வேலை

பழத்தின் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, தானாக நொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எந்த ஈஸ்ட், நொதிப்பு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வினிகருக்குச் செய்யும்போது பேக்கரிக்குப் போடும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டே போதும், அரை டீஸ்பூன். வைன் ஈஸ்ட் கிடைத்தால் இசி-1118 என்ற வகையைத் தேடுங்கள், 10 டிகிரி வரை குளிரைத் தாங்கும், ஊட்டிக்காரர்களுக்கு அதுதான் சரி. 5 கிராம் பாக்கெட் இருபது லிட்டருக்கு மேலேயே வரும், கால் பாக்கெட் போதும்.

கை பொறுக்கும் சூட்டில் கால் டம்ளர் தண்ணீர் எடுத்து அதில் ஈஸ்ட்டைத் தூவி கால் மணி நேரம் வையுங்கள், நுரைத்து வந்ததும் சாற்றில் ஊற்றுங்கள். பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், முதல் மூன்று நாள் நுரை பொங்கும். மூடியில் ஓட்டை போட்டு மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய ட்யூபைச் சொருகி, சுற்றி மெழுகு வைத்து அடைத்து, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய டம்ளருக்குள் விடுங்கள். கரியமில வாயு குமிழி குமிழியாக வெளியே போகும், காற்று உள்ளே வராது. எக்காரணம் கொண்டும் பாட்டிலை இறுக்கி மூடி வைக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

மலைக்குளிர் இந்தக் கட்டத்துக்கு வரப்பிரசாதம். 15-இலிருந்து 20 டிகிரிக்குள் மெதுவாக நொதித்தால் பழ மணம் தங்கும், கீழே 32 டிகிரியில் நொதித்தால் மணமெல்லாம் குமிழியோடு ஓடிவிடும். வீட்டில் வெயில் படாத உள் அறை போதும். ரெண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் ஆகலாம். இடையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட்டுக்குச் சத்துப் போதவில்லை என்று அர்த்தம், பேரிக்காய்ச் சாற்றில் அது அடிக்கடி நடக்கும். அரை டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் உள்ளே விடுங்கள், செத்த ஈஸ்ட், உயிரோடு இருக்கும் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. உலர் திராட்சை போடச் சொல்வார்கள், அதில் பெரிதாகச் சத்து ஒன்றும் இல்லை.

குமிழி நின்று, வண்டல் அடியில் படிந்து, மேலே தெளிந்து வந்ததும் ஹைட்ரோமீட்டரை விடுங்கள். மூன்று நாள் விட்டு மறுபடி விட்டால் அதே எண் வர வேண்டும், வந்தால் முடிந்தது. ஆப்பிள் 1.000-க்கே இறங்கிவிடும். பேரிக்காய் இறங்காது, அதில் சார்பிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது, ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, அதனால் 1.005, 1.008 என்று நின்றுவிடும். அதையும் இறக்கியே தீருவேன் என்று மேலும் ஈஸ்ட் போடுவது வீண். தெளிந்ததை ட்யூப் வைத்து ஜாடிக்கு உறிஞ்சி மாற்றுங்கள், வண்டலைக் கலக்காமல்.

இரண்டாம் கட்டம்: காற்றும் சூடும்

குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், 1907-இல் தொடங்கியது, வெறிநாய்க்கடி மருந்து என்றால் அதுதான் நினைவுக்கு வரும். அந்த லூயி பாஸ்டர் நாய்க்கடிக்கு வருவதற்கு வெகு முன்னால், 1860-களில், மண்டையை உடைத்துக்கொண்டது வைனோடும் வினிகரோடும்தான். வினிகரின் மேலே படரும் ஆடை உயிருள்ள நுண்ணுயிர், அதுதான் காற்றை எடுத்து ஆல்கஹாலை அமிலமாக்குகிறது என்று காட்டியவர் அவர். நம் ஜாடியில் இனி நடக்கப்போவதும் அதேதான்.

அந்த நுண்ணுயிரைக் கொண்டுவர, கடையில் 'மதர்' (மேலே சொன்ன ஆடைக்கு ஆங்கிலப் பெயர்) உள்ளது என்று போட்டு விற்கும், சூடுபடுத்தாத சைடர் வினிகரை வாங்குங்கள். நாலு பங்கு சைடருக்கு ஒரு பங்கு வினிகர், அதாவது நாலு லிட்டர் தெளிந்த சைடருக்கு ஒரு லிட்டர். அளவைக் குறைக்கக்கூடாது, தொடக்கத்திலேயே அமிலம் இருந்தால்தான் பூஞ்சை அண்டாது. கடையில் விற்கும் தெளிந்த வெள்ளை வினிகரில் உயிர் இல்லை, அது இந்த வேலைக்கு ஆகாது.

ஜாடியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். வாயில் வேட்டித் துணியை ரெண்டாக மடித்துப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். பழ ஈ எவ்வளவு சின்ன இடுக்கிலும் நுழையும், வலைத் துணி போட்டால் அது உள்ளேதான் குடித்தனம் நடத்தும்.

சூடுதான் இங்கே பிரச்சினை. அசிட்டிக் பாக்டீரியாவுக்கு 25-இலிருந்து 30 டிகிரி வேண்டும், 15-க்குக் கீழே அது அசையாது. ஆடி மாதத்து மழையில் நம் வீட்டுக்குள் 17, 18 தான். விறகடுப்பு எரியும் சமையலறை என்றால் அடுப்புக்கு மேல் அலமாரி நல்ல இடம். இல்லையென்றால் அட்டைப் பெட்டிக்குள் ஜாடியை வைத்து, பக்கத்தில் காலையும் மாலையும் ஒரு வெந்நீர்ப் பாட்டில் வையுங்கள், தெர்மோகோல் பெட்டியானால் சூடு இன்னும் நிற்கும், ஆனால் காற்று போக ஓட்டைகள் வேண்டும். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ பொறுமையான சொந்தக்காரர் இருந்தால் ஜாடியை அங்கே இறக்கிவிடுவது எல்லாவற்றிலும் சுலபம், ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும். மேலே வைத்தால் ரெண்டிலிருந்து மூன்று மாதம்.

முதல் ரெண்டு வாரத்தில் மேலே மெல்லிய, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம் தெரியும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். அப்புறம் அது தடித்து, வழுவழுப்பாகி, வெளிர் நிறத்தில் ஜாடியின் வாயளவுக்குப் படர்ந்து நிற்கும். இதுதான் வினிகரின் தாய். அதைக் கலக்காதீர்கள், அமிழ்த்தாதீர்கள், ஜாடியை இடம் மாற்றாதீர்கள். மூழ்கிப்போனால் கவலை இல்லை, புதிதாக ஒன்று படரும், நாள்தான் கூடும். சுருக்கம் சுருக்கமாக, வெள்ளையாக, மாவு தூவியது போல வந்தால் அது வேறு வகை ஈஸ்ட், அமிலம் குறைவு என்பதன் அடையாளம். அதை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உயிருள்ள வினிகர் ஊற்றுங்கள். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி முளைத்தால் பூஞ்சை, அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

நடுவில் நகப் பாலிஷ் வாடை வரும். எத்தில் அசிட்டேட், பெரும்பாலும் தானாகப் போய்விடும்.

எப்போது முடிந்தது?

மூக்கில் ஆல்கஹால் வாடை போய், நாக்கில் கூர்மையான புளிப்பு நின்றால் முடிந்த மாதிரிதான். ஆனால் நாக்கு ஏமாற்றும், பிஎச் காகிதமும் அமிலத்தின் அளவைச் சொல்லாது. ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கால் முட்டைகோஸ் அளவு சிவப்பு முட்டைகோஸை நறுக்கி வெந்நீரில் ஊற வைத்தால் ஊதாத் தண்ணீர் கிடைக்கும். ரெண்டு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் தண்ணீரும் இந்த ஊதாத் தண்ணீர் ரெண்டு ஸ்பூனும் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் சதவீதம் அச்சிட்ட கடை வினிகர் ஒரு டீஸ்பூன், இன்னொன்றில் உங்களுடையது ஒரு டீஸ்பூன். ரெண்டும் ரோஜா நிறமாகும். ஒரு கப் தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். நுரைத்து அடங்கி, ரோஜா நிறம் ஊதாவாகி நீலத்துக்குத் திரும்பும். ரெண்டு டம்ளரும் ஒரே நிறத்துக்கு வர எத்தனை மில்லி பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 சதவீதக் கடை வினிகருக்கு 20 மில்லி பிடித்து உங்களுடையதற்கு 22 பிடித்தால் 4.4 சதவீதம். தோராயம்தான், ஆய்வகக் கணக்கு இல்லை, ஆனாலும் நீர்த்துப்போனதா நன்றாக வந்ததா என்று தெரிந்துவிடும்.

வெளியே வைத்து மாதக்கணக்கில் சாப்பிடும் ஊறுகாய்க்கு வீட்டு வினிகரை நம்பாதீர்கள், அதற்கு 5 சதவீதம் என்று உறுதியாகத் தெரிந்த கடை வினிகர்தான். சாலட், கறி ஊற வைப்பது, ஊட்டி கேரட்டையும் பீட்ரூட்டையும் சீவிப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தின்று முடிப்பது, இதற்கெல்லாம் தாராளமாக.

முடிந்த வினிகரை அப்படியே ஜாடியில் விட்டுவிடக்கூடாது. ஆல்கஹால் தீர்ந்ததும் அதே பாக்டீரியா அமிலத்தையே தின்னத் தொடங்கும், கடைசியில் தண்ணீர்தான் மிஞ்சும். வடிகட்டி, சின்ன வாய் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடுங்கள். படலம் மறுபடி வரக்கூடாது என்றால் 65 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் வைத்து நிரப்புங்கள், பாஸ்டர் பேரில் வந்த அதே முறை. மூன்று மாதம் இருட்டில் வைத்தால் காட்டம் அடங்கி மணம் முன்னுக்கு வரும்.

மணமேற்றுவது

எதைப் போட்டாலும் முடிந்த வினிகரில்தான் போட வேண்டும், நொதிக்கும்போது அல்ல. அரை லிட்டர் கணக்கில் சொல்கிறேன்.

ஊட்டிப் பூண்டு ஏழெட்டுப் பல், உரித்து லேசாகக் கீறிப் போட்டு ரெண்டு வாரம். பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறிப் பயமுறுத்தும், அது பூண்டின் கந்தகச் சத்து அமிலத்தோடு சேர்ந்து செய்யும் வேலை, கெட்டுப்போகவில்லை. இந்த பாட்டிலை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ரோஸ்மேரியும் தைமும் மலையில் நன்றாக வருகின்றன, தொட்டியில்கூட. ரெண்டு கொத்தைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். ஒரு வாரத்தில் எடுத்துவிட வேண்டும், விட்டால் மருந்து வாடை வரும். கூடலூர் பக்கத்துப் பச்சை மிளகு கிடைக்கும் காலத்தில் ரெண்டு சரம் போட்டால் காரம் மெதுவாக ஏறி, மீன் வறுவலுக்கு மேலே தெளிக்க அருமையாக இருக்கும். பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்றுக்கு மேல் வேண்டாம், கிராம்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தவிட்டுப்பழம். மேய்ச்சல் காட்டு ஓரத்தில் புதர் புதராகக் காய்க்கும் அந்தக் கருநீலப் பழத்தை ஒரு கைப்பிடி நசுக்கிப் போட்டால், ரெண்டு நாளிலேயே வினிகர் இளஞ்சிவப்பாகும், துவர்ப்போடு ஒரு காட்டு மணமும் சேரும். பத்து நாளில் வடிகட்டிவிடலாம். ப்ளம்ஸ் சீசனில் அதையும் இப்படியே போடலாம். ஆனால் பழம் தண்ணீர் விடும், அமிலம் நீர்க்கும், அதனால் பழம் போட்ட வினிகர் ஃபிரிட்ஜுக்கு.

கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைப் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள், நீலகிரி என்றாலே தைலம்தானே. வேண்டாம். அந்த எண்ணெய் உள்ளே போனால் நஞ்சு.

குடிக்க வேண்டும் என்றால் ஒரு கப் ப்ளம்ஸ், ஒரு கப் சர்க்கரை, கலந்து ஒரு ராத்திரி, விட்ட சாற்றில் ஒரு கப் வினிகர், வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து, டம்ளர் சோடாவுக்கு ரெண்டு ஸ்பூன். சர்க்கரைக்குப் பதில் குறும்பர்களும் இருளர்களும் எடுத்துவரும் மலைத்தேன் போட்டால் ருசியே வேறு. வினிகரைப் பச்சையாகக் குடித்தால் பல் எனாமல் போகும், தொண்டை எரியும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைடரோடு நிறுத்த அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் வயது வந்த ஒருவர் வருடத்துக்கு 100 காலன் வரை, வயது வந்தவர்கள் ரெண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டில் 200 காலன் வரை, விற்காமல் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்தியச் சட்டம் விடுகிறது, மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் வரை எல்லாம் இதேதான். மணப்பொருளை முதல் நொதிப்பு அடங்கி வேறு பாட்டிலுக்கு மாற்றிய பிறகு போடுங்கள்: ஐந்து லிட்டருக்கு விரல் நீளத்தில் நசுக்கிய இஞ்சி, அல்லது ஒரு பட்டைத் துண்டு, மூன்றாம் நாளிலிருந்து தினமும் ருசி பார்த்து, சற்றுக் குறைவாகத் தோன்றும்போதே எடுத்துவிடுங்கள். குமிழி வேண்டுமென்றால் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கரைத்து, அழுத்தம் தாங்கும் பீர் பாட்டிலில் மட்டும் அடைக்க வேண்டும். அடர்த்தி நின்றுவிட்டதா என்று சரிபார்க்காமல் அடைத்தால் பாட்டில் வெடித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். இனிப்பு வேண்டுமென்றால் குடிக்கும்போது சாறு கலந்துகொள்ளுங்கள், பாட்டிலில் போடாதீர்கள்.

சக்கையும் தாயும்

பிழிந்த சக்கையைத் தோட்டத்து மூலையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கோத்தகிரிப் பக்கத்தில் கரடி எந்தத் தெருவுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, நொதிக்கும் பழ வாடை அதற்கு அழைப்பிதழ். காட்டுப்பன்றியும் வரும். குழி தோண்டி ஒன்றரை அடி மண் போட்டு மூடுங்கள், அல்லது இறுக்கமான மூடி உள்ள உரத் தொட்டியில் காய்ந்த இலையோடு போடுங்கள். வண்டலையும் அதிலேயே ஊற்றலாம்.

ஜாடியில் மிஞ்சும் தாயை ஒரு சின்ன பாட்டிலில், அது மூழ்கும் அளவுக்கு வினிகர் விட்டு, மூடி வைத்தால் அடுத்த சீசன் வரை உயிரோடு இருக்கும். ஒரு டம்ளர் வினிகரையும் வடிகட்டாமல், சூடுபடுத்தாமல் தனியே எடுத்து வையுங்கள், அடுத்த முறை கடையில் வாங்க வேண்டாம். ரெண்டு மூன்று தாய் சேர்ந்துவிட்டால் தடித்ததைத் தூக்கி உரக்குழியில் போடுங்கள், மெல்லியதுதான் வேகமாக வேலை செய்யும்.